கண்ணும் சொல்லும்

மாலைப் பொழுதில் மேல்வானை நோக்குவார்க்கு அங்கே தோன்றும் நிறங்கள் இத்தனை என்று எண்ணிச் சொல்லுதல் அரிது. கதிரவன் மறையும் இடத்தே பொன்னிறம். அதனைச் சூழ்ந்து செந்நிறம். அதற்கு மேலே மாந்தளிர் போன்றதொரு நிறம். அதற்கும் அப்பால், நீலம் என்றோ கருமை என்றோ துணிந்து கூறவியலாத வேறொரு நிறம். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லை இதுவென எவராலும் சுட்டிக் காட்ட இயலாது. ஆயினும், அக்காட்சியைக் கண்டு வீடு திரும்பியவர், "வானம் சிவந்திருந்தது" என்று ஒரு சொல்லிலே கூறி முடித்துவிடுகின்றார். கண் கண்டது பல. நா கூறியது ஒன்று. அங்ஙனமாயின், கூறிய ஒன்றைக் கொண்டு அவர் கண்டதும் ஒன்றே என்று முடிவு செய்யலாமோ? எளியதாகத் தோன்றும் இவ்வினாவில் மேலைநாட்டு அறிஞர் பெருமக்களும் ஒருகாலத்தே தடுமாறினர். அத்தடுமாற்றமும் அது தீர்ந்த வரலாறும் யாவரும் அறியத்தக்கவை.

நிறம் என்பது பொருளினிடத்து மட்டும் தங்கியிருப்பதன்று. ஒளி, பொருள், கண், மூளை ஆகிய நான்கும் கூடியவழியே அது தோன்றுவதாகும். ஐசக் நியூட்டன் என்னும் ஆங்கில அறிஞர், 1666ஆம் ஆண்டளவில், இருட்டறை ஒன்றில் சிறு துளையின் வழியே வந்த கதிரொளியை முப்பட்டைக் கண்ணாடியிற் செலுத்தினார். வெள்ளொளி விரிந்து, சிவப்பு முதல் ஊதா ஈறாகப் பல நிறங்களாய் எதிர்ச்சுவரில் வீழ்ந்தது. அந்நிறப்பட்டையை அவர் ஏழு கூறுகளாக வகுத்தார். இசையின் ஏழு சுரங்களோடு ஒப்புநோக்கி அவர் செய்துகொண்ட வகுப்பே அது. இயற்கை அங்கே வேலி எதனையும் இட்டிருக்கவில்லை. சிவப்பு மெல்ல மெல்ல மஞ்சளாகின்றது; மஞ்சள் மெல்ல மெல்லப் பச்சையாகின்றது. வேலியிடுவது மனிதனின் சொல்லே ஆகும்.

இனி, கண்ணின் தொழிலைக் காண்போம். விழியின் உட்புறத்தே விழித்திரை என்னும் மெல்லிய படலம் உள்ளது. அதன்கண் கூம்பு வடிவான நுண்ணிய உயிரணுக்கள் உள்ளன. அவை மூவகையின. ஒருவகை நெட்டலை ஒளியையும், ஒருவகை இடையலை ஒளியையும், பிறிதொருவகை குற்றலை ஒளியையும் மிகுதியாக ஏற்கும். இம்மூன்றும் அனுப்பும் செய்திகளை மூளை ஒப்பிட்டு நோக்கியே, இது சிவப்பு, இது பச்சை, இது நீலம் என வேறுபாடு காண்கின்றது. மங்கிய ஒளியில் தொழிற்படுவன கோல் வடிவான வேறு உயிரணுக்கள். அவற்றிற்கு நிற வேறுபாடு தெரியாது. நிலவொளியில் தோட்டத்துச் செம்பருத்தியும் அதன் இலையும் ஒரே தன்மையவாய் மங்கித் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

கண்ணின் அமைப்பு உலக மாந்தர்க்கெல்லாம் பொதுவானது. சொல்லின் அமைப்போ மொழிதோறும் வேறுபடுவது. உருசிய மொழியாளர், ஆழ்ந்த நீலத்திற்கு ஒரு சொல்லும் வெளிறிய நீலத்திற்கு மற்றொரு சொல்லும் வைத்துள்ளனர். நமக்கு ஒரு நிறமாய் இருப்பது அவர்க்கு இரண்டு நிறமாம். சப்பானியரோ, தெளிந்த வானையும் சாலை விளக்கின் பச்சை ஒளியையும் ஒரே சொல்லாற் குறிக்கும் வழக்கமுடையர். ஆங்கில நாட்டில் இராபின் என்னும் சிறு பறவை ஒன்று உண்டு. அதன் மார்பு கிச்சிலிப்பழ நிறத்தது. எனினும் அந்நாட்டார் அதனைச் 'செம்மார்பன்' என்றே வழங்கிவந்தனர். 'ஆரஞ்சு' என்பது நிறப்பெயராக அவர்தம் மொழியில் வழங்கத் தொடங்கியது பதினாறாம் நூற்றாண்டிலேயாம். அப்பெயரும் பழத்தினின்று நிறத்திற்கு ஆகிவந்ததே. பழத்தின் பெயரோ வடமொழி 'நாரங்கம்' என்னும் சொல் பல மொழிகளின் வழியே சென்று திரிந்தது. அதன் மூலம் திராவிடச் சொல்லாகலாம் என அறிஞர் கருதுவர். பழமும் அதன் பெயரும் வந்து சேர்வதற்கு முன்னர், ஆங்கிலேயர் இராபின் மார்பின் நிறத்தைக் காணாமலா இருந்தனர்? கண்டனர், பெயர்தான் வேறாக இல்லை.

தமிழிலும் இத்தன்மையைக் காணலாம். கருமை, வெண்மை, செம்மை, பசுமை என்பன நம் மொழியின் பழஞ்சொற்கள். இவை நிறத்தை மட்டும் உணர்த்துவன அல்ல. செம்மை நேர்மையையும் குறிக்கும். வெண்மை அறிவின்மையையும் குறிக்கும். கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் வெகுளியை உணர்த்தும் என்று கூறிய தொல்காப்பியர், அவை நிறத்தை உணர்த்தற்கும் உரியன என்று உரியியலில் விதந்து கூறுகின்றார். பசுமை என்பது இலையின் நிறத்தோடு, உலராமை, பழுக்காமை, வேகாமை, இளமை ஆகியவற்றையும் தழுவி நிற்கும். பச்சரிசி வெள்ளை நிறத்தது. பச்சைக் குழந்தையின் மேனி பச்சையாய் இருப்பதில்லை. ஒரே பொன்னைப் பசும்பொன் என்றும் செம்பொன் என்றும் வழங்குகின்றோம். திருமாலின் திருமேனி நிறத்தைக் கருமை, நீலம், பசுமை ஆகிய மூன்றானும் புலவர் புனைந்துரைப்பர். செழித்து வளர்ந்த நெற்பயிரைக் காணும் உழவர், "பயிர் கருகருவென்று நிற்கின்றது" என்று கூறி மகிழ்வர். நம் மொழியை நூல்வழியே மட்டும் கற்ற அயலார் ஒருவர், இவற்றையெல்லாம் தொகுத்து வைத்துக்கொண்டு, "தமிழர்க்குச் சிவப்பும் பச்சையும் வேறுபாடு தெரியா; பச்சையும் கறுப்பும் அவர்க்கு ஒன்றே" என்று நூல் எழுதுவாராயின், நாம் நகையாமல் இருப்போமா?

அத்தகையதொரு நூல் உண்மையிலேயே எழுதப்பட்டது. ஆனால் அது தமிழரைப் பற்றியதன்று, பண்டைக் கிரேக்கரைப் பற்றியது. அதனை எழுதியவர் பின்னாளில் நான்கு முறை இங்கிலாந்தின் முதலமைச்சராய் விளங்கிய கிளாட்ஸ்டன் ஆவார். கிரேக்க மொழியில் ஆழ்ந்த புலமை உடைய அவர், ஓமரின் காப்பியங்களைப் பன்முறை பயின்று, 1858ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக ஓர் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். ஓமர் கடலையும் எருதையும் மதுவின் தோற்றம் உடையன என்கின்றார். இரும்பை ஊதா மலரின் நிறத்தது என்கின்றார். தேனுக்கும் இளந்தழைக்கும் ஒரே அடைமொழி கொடுக்கின்றார். வானத்தை விண்மீன் நிறைந்தது என்றும் அகன்றது என்றும் பலவாறு பாடியும், நீலமானது என்று ஓரிடத்தும் கூறினாரல்லர். இவற்றையெல்லாம் கூர்ந்து நோக்கிய கிளாட்ஸ்டன், அக்காலத்துக் கிரேக்கரின் கண்கள் நிறங்களை முற்றும் உணரும் வளர்ச்சி பெற்றிருக்கவில்லை என்னும் முடிவிற்கு வந்தார்.

செருமன் நாட்டு லாசரஸ் கைகர் என்பவர் 1867ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சியை மேலும் விரித்தார். வேதப் பாடல்களிலும் பிற பழைய நூல்களிலும் வானத்தைப் பற்றிய செய்திகள் மிகுதியாக இருந்தும் அதன் நீலம் பேசப்படாமையை அவர் எடுத்துக் காட்டினார். அவருக்குப்பின் ஹூகோ மாக்னஸ் என்னும் கண் மருத்துவர், மாந்தரின் விழித்திரை வரலாற்றுக் காலத்திலேயே படிப்படியாக வளர்ந்து, முதலிற் சிவப்பையும் இறுதியில் நீலத்தையும் காணும் ஆற்றல் பெற்றது என்று 1877ஆம் ஆண்டில் எழுதினார். இக்கொள்கை பரவிற்று. இதன் பயன் யாதாயிற்று? நீலத்திற்குத் தனிப்பெயர் இல்லாத மக்கள் எங்கு இருப்பினும், அவர் கண் வளராதவர், குறையுடையவர் என்று எண்ணுதற்கு இடமாயிற்று. ஒரு மக்கட்கூட்டத்தின் சொல்லை அளவுகோலாகக் கொண்டு, அவர்தம் உடலையும் அறிவையும் தாழ்வாக மதிக்கும் கேடு இதனால் விளைந்தது.

நல்வினைப் பயனாக, உண்மையை நேரே சென்று ஆராய்தலும் உடன் தொடங்கிற்று. மாக்னஸ் தாமே உலகின் பல பகுதிகளில் வாழ்ந்த மக்களிடத்து வினாக்களை அனுப்பிச் செய்தி தொகுத்தார். நிறப்பெயர் சிலவே உடைய மக்களும், நிறங்களை வேறு வேறாகப் பிரித்துக் காண்பதிற் குறைவுடையர் அல்லர் என்பது அவருக்குத் தெரியவந்தது. 1880ஆம் ஆண்டில் அவர் அம்முடிவுகளை வெளியிட்டார். தம் கொள்கைக்கு மாறான சான்றைத் தாமே தேடிக் கண்டு உலகிற்கு உரைத்த அச்செயல் பாராட்டிற்குரியது. பின்னர், 1900ஆம் ஆண்டு முதலாகக் கிரீட்டுத் தீவின் நாசசு நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அரண்மனைச் சுவர்களில், நீல நிறம் பொலியும் ஓவியங்கள் காணப்பட்டன. அவை ஓமரின் காலத்திற்குப் பல நூற்றாண்டு முற்பட்டவை. எகிப்தியரோ அதற்கும் நெடுங்காலம் முன்னரே நீலச் சாயப்பொருளைச் செயற்கையாக ஆக்கும் முறையை அறிந்திருந்தனர். காணாத நிறத்தை எவரேனும் முயன்று ஆக்குவரோ?

அங்ஙனமாயின், நீலத்தின் பெயர் பல மொழிகளிற் பிந்தித் தோன்றியது ஏன்? பிரெண்டு பெர்லின், பால் கே என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், 98 மொழிகளின் நிறச் சொற்களை ஆராய்ந்து 1969ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். அடிப்படை நிறச் சொற்கள் இரண்டே உள்ள மொழியில் அவை வெண்மையும் கருமையும் சார்ந்தன. மூன்றாவது உண்டாயின் அது செம்மை. அதன்பின் பசுமையும் மஞ்சளும். அவற்றிற்குப் பின்னரே நீலம் என்று அவர்கள் கண்டனர். அவர்தம் முடிவுகளிற் சில பிற்கால ஆராய்ச்சியால் திருத்தம் பெற்றன. எனினும், சொல் தோன்றுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பது விளங்கிற்று. குருதியும் நெருப்பும் பழுத்த கனியும் செந்நிறத்தன. அவற்றைச் சுட்டிக் கூறவேண்டிய தேவை நாள்தோறும் நேர்வது. வானமோ என்றும் தலைமேல் இருப்பது. நீல வானைக் கொண்டுவா என்று எவரும் எவர்க்கும் ஏவுவதில்லை. தேவையும் தொழிலும் மிகுமிடத்துச் சொல்லும் மிகும் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மாடு வளர்ப்போர் மயிலை, காரி, செவலை என்று நிறத்தாலே மாடுகளை வேறுபடுத்தி அழைப்பர். காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில் அமர்ந்திருப்போர் வாயில் மயிற்கழுத்து நிறம், கிளிப்பச்சை, மாம்பழ நிறம், அரக்கு, பாக்கு நிறம், வெங்காயச் சருகு நிறம், கத்தரிப்பூ நிறம் என நிறப்பெயர்கள் தடையின்றி வரும். இசைப் பேரரசி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் உடுத்த புடைவையின் நிறம் 'எம். எஸ். நீலம்' என்றே பெயர் பெற்றது. கடைக்காரரின் கண் வேறு, உழவரின் கண் வேறு என்பதன்று. அவரவர் தொழில் அவரவர்க்குச் சொல்லைத் தந்தது. சொல் மிகுந்தவிடத்து வேறுபாட்டை உணரும் விரைவும் சற்று மிகும் என்பதும் உண்மையே. நீலத்திற்கு இரண்டு பெயருடைய உருசியர், அவ்விரண்டனையும் பிரித்தறிவதில் ஆங்கிலேயரினும் சிறிது விரைவுடையராயிருந்தனர் என்று 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. சொல் கண்ணிற்குத் துணை செய்யும்; ஆனால் அது கண்ணாகிவிடாது.

சொல் இல்லாமையால் பார்வை இல்லை என்று கருதிய பிழையை இதுகாறும் கண்டோம். இதற்கு நேர்மாறானதொரு பிழையும் உண்டு. சொல் இருத்தலால் பார்வையும் உண்டு என்று கருதுதலே அது. இதற்கு எடுத்துக்காட்டாய் விளங்கும் பெருமகனார் ஜான் டால்டன். அணுக்கொள்கையை நிறுவிப் புகழ்பெற்ற அவர், 1766ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்தார். சிவப்பு, பச்சை, நீலம் முதலிய பெயர்களைப் பிறரைப் போலவே அவரும் கற்றார். பிறரைப் போலவே வழங்கினார். சில நிறங்களுக்குப் பெயரிட்டோர் பொருத்தமின்றி இட்டுவிட்டனர் என்னும் எண்ணம் மட்டும் அவருக்கு நெடுநாளாக இருந்தது. குறை சொல்லினிடத்தது என்றே அவர் கருதினார். தம் கண்ணினிடத்தது என்று ஐயுறவில்லை.

1792ஆம் ஆண்டில் ஒருநாள், ஜெரானியம் என்னும் பூ ஒன்றை அவர் மெழுகுவத்தியின் ஒளியில் நோக்கினார். அப்பூ பிறர்க்கு இளஞ்சிவப்பாய்த் தோன்றுவது. பகலொளியில் அவர்க்கோ வான்நீலமாய்த் தோன்றியது. மெழுகுவத்தியின் ஒளியில் அந்நீலம் அறவே ஒழிந்து, அவர் செம்மை என வழங்கும் நிறமாய் இருந்தது. வியப்புற்ற அவர், நண்பர்களை அழைத்துக் காட்டினார். அவர்களோ, "பூ அதே நிறமாகத்தானே உள்ளது?" என்றனர். அவருடன் பிறந்தவர் ஒருவர்க்கு மட்டும் அவர்க்குத் தோன்றியவாறே தோன்றிற்று. அப்பொழுதுதான், தம் கண் பிறர் கண்போன்றது அன்று என்னும் உண்மை டால்டனுக்குப் புலனாயிற்று. அப்போது அவருக்கு அகவை இருபத்தாறு. அவ்வளவு காலமும் அவர் நாவிலிருந்த சொற்கள், அவர் கண்ணின் குறையை அவரிடமிருந்தே மறைத்துவந்தன!

அவர் அதனை மறைக்க எண்ணவில்லை. சிவந்த அரக்கும் பசிய இலையும் தமக்கு ஏறத்தாழ ஒரே நிறத்தனவாய்த் தோன்றுவதையும், குருதி கரும்பச்சையாய்த் தோன்றுவதையும் விரித்து எழுதி, 1794ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரத்து அறிஞர் கழகத்தின் முன் படித்தார். பகட்டான நிறத்து ஆடையை விலக்கும் குவேக்கர் என்னும் சமயப் பிரிவைச் சார்ந்தவர் அவர். அவரே 1834ஆம் ஆண்டில் மன்னர் நான்காம் வில்லியமின் அவைக்கு, ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகம் அளித்த செக்கச் சிவந்த மேலங்கியை அணிந்து சென்றார். காண்போர்க்குக் கண் கூசிய அச்செந்நிறம், அவர் கண்ணிற்குப் பகட்டாய்த் தோன்றவில்லை.

தம் விழியினுள் இருக்கும் நீர்மம் நீல நிறம் ஊட்டப்பெற்றுள்ளது. அதுவே செந்நிற ஒளியை விழுங்கிவிடுகின்றது என்று டால்டன் கருதினார். அக்கருத்து மெய்யா என்று தம் மறைவிற்குப் பின் கண்களை அறுத்து நோக்குமாறு பணித்தார். 1844ஆம் ஆண்டில் அவர் மறைந்ததும், மருத்துவர் ரான்சம் அவ்வாறே செய்தார். விழிநீர்மம் பளிங்குபோல் தெளிந்திருந்தது! டால்டனின் கொள்கை பிழையென்பது அவர் கண்களாலேயே உறுதியாயிற்று. காக்கப்பட்டிருந்த அக்கண்ணின் சிறு பகுதியினின்று மரபுப்பொருளை எடுத்து ஆராய்ந்த அறிஞர்கள், இடையலை ஒளியை ஏற்கும் நிறப்பொருள் அவர்க்கு இல்லாதிருந்தமையே குறைக்குக் காரணம் என்று 1995ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர் விடுத்த வினாவிற்கு விடை, அவர் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின் கிடைத்தது. இக்குறையைப் பிரெஞ்சு முதலிய மொழிகளில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றனர். நாம் நிறக்குருடு என்கின்றோம். ஐரோப்பிய வழியினருள், ஆடவர் நூற்றுவரில் எண்மர் அளவில் இக்குறை உண்டு. மகளிரில் இருநூற்றுவர்க்கு ஒருவரே இதனை உடையர்.

இக்குறை எவ்வளவு பேருக்கு இருக்கக்கூடும் என்பதைப் புகைவண்டித் துறை எண்ணிப் பார்க்க நேர்ந்தது. 1875ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சுவீடன் நாட்டு லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு விரைவு வண்டிகள் ஒன்றோடொன்று மோதின, ஒன்பதின்மர் உயிரிழந்தனர். கைகாட்டி விளக்கின் நிறத்தைப் பணியாளர் ஒருவர் மாறுபட உணர்ந்திருக்கலாம் என உப்சாலாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹோல்ம்கிரென் ஐயுற்றார். அவ்விபத்திற்கு வேறு காரணங்களும் உண்டு என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கூறுவர். எனினும், அவ்வையம் உலகிற்கு நன்மையாய் முடிந்தது. அவர் இருப்புப்பாதைப் பணியாளர் 266 பேரை ஆராய்ந்தார். அவருள் 13 பேர் நிறக்குருடர் எனக் கண்டார். அன்றுவரை அவர்கள் சிவப்பு விளக்கென்றும் பச்சை விளக்கென்றும் பெயர் சொல்லியே பணியாற்றி வந்தவர்கள்!

ஹோல்ம்கிரென் கையாண்ட முறையே இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. அவர் எவரிடமும், "இஃது என்ன நிறம்?" என்று வினவவில்லை. பல நிறக் கம்பளி நூற்கற்றைகளை மேசைமேற் குவித்து, ஒரு கற்றையைத் தனியே எடுத்து வைத்து, "இதனைப் போன்றவற்றையெல்லாம் பொறுக்கி எடுங்கள்" என்றார். பச்சையோடு சாம்பல் நிறத்தையும் பழுப்பையும் சேர்த்து எடுத்தவரின் குறை அப்பொழுதே வெளிப்பட்டது. நாவைக் கேளாமல் கையைக் கேட்டார். கை, கண் கண்டவாறே கூறிற்று. பெயர் சொல்லும் பழக்கத்தால் மறைந்திருந்த உண்மை, பெயரை ஒதுக்கியவுடன் புலப்பட்டது. இன்று புகைவண்டி ஓட்டும் பணிக்கு வருவோர்க்கு நிறம் காணும் தேர்வு வைத்தே தேர்ந்தெடுக்கின்றனர். கருவிகள் மாறியுள்ளன, கண்ணையே நேராக ஆராய்தல் என்னும் நெறி மாறவில்லை.

கிளாட்ஸ்டன், பிறர் சொல் தம் சொல்லினின்று வேறுபட்டபோது, அவர்தம் கண்ணிற் குறை கண்டார். டால்டன், தம் கண் பிறர் கண்ணினின்று வேறுபட்டபோது, பிறர் சொல்லிற் குறை கண்டார். இருவரும் பேரறிஞரே, இருவரும் சொல்லையும் பார்வையையும் ஒன்றெனக் கொண்டமையால் வழுவினர். ஆனால் டால்டன் ஒரு மலரைக் கண்டவுடன் பிறரை அழைத்து, "உங்களுக்கு எவ்வாறு தோன்றுகின்றது?" என்று கேட்டார். அவ்வொரு கேள்வியே அவரை உண்மைக்கு அழைத்துச் சென்றது.

ஆதலின், ஒருவர் பேசும் சொல் நம் சொல்லினின்று வேறுபடுமாயின், அவர் அறிவிலர் என்றும் புலன் குறைந்தவர் என்றும் கருதிவிடல் ஆகாது. நம்மைப் போலவே பேசுகின்றார் என்பதனால், நாம் காண்பதையே அவரும் காண்கின்றார் என்று துணிந்துவிடலும் ஆகாது. வகுப்பில் அடுத்து அமர்ந்திருக்கும் மாணவன், கரும்பலகையில் வண்ணச் சுண்ணத்தால் வரைந்த கோடுகளுள் ஒன்றை வேறுபிரித்துக் காணமாட்டாமல் வாளா இருக்கலாம். அவனை நகைத்தல் எளிது. அவனுக்கு எவ்வாறு தோன்றுகின்றது என்று கேட்டறிதலே அறிவுடைமையாகும்.